குடியம் போய் வந்த கணக்கு

மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "கவிதை போதும்பா, காதல் கவிதையே ஒரு கட்டு சேர்ந்துடுச்சு, நீ கட்டுரை கொடு" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கட்டுரையெல்லாம் லேப் ரெக்கார்டில் எழுதுவதுதான். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு! அந்த மாதிரி எழுதினால் நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். ஆகவே, 2025 ஜனவரிக் கடைசியில் நாங்கள் ஏழு பேர் பூண்டிப் பக்கம் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் குடியம் குகைக்கு நடந்து போய் வந்த கதையை எழுதுகிறேன். போக நினைப்பவர்களுக்கு உபயோகப்படும். போக நினைக்காதவர்களுக்குப் பொழுது போகும்.

நான் கொருக்குப்பேட்டைப் பையன். எங்கள் பக்கம் மலை என்றால் கொடுங்கையூர் குப்பை மேடுதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவோம். ஆறு என்று சொல்லப் பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் உண்டு. இரண்டையும் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டுவது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். ரயில்வே கேட் மூடினால் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணியே நான் கணக்கு கற்றுக்கொண்டேன் என்று நைனா இன்றைக்கும் கிண்டல் செய்வார். காடு என்றால் ஆறாவது படிக்கும்போது ஸ்கூலில் கூட்டிப்போன கிண்டி பார்க். அங்கே மானைவிட மனுஷர்கள்தான் அதிகம்.

இப்படிப்பட்டவனுக்குக் காட்டு ஆசை எங்கிருந்து வந்தது? ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். நாங்கள் அவனை 'பூண்டியான்' என்றுதான் கூப்பிடுவோம். முதல் வருஷத்தில் அவனைக் 'காட்டான்' என்று ஓட்டாத ஆளில்லை. ஒருநாள் ஃபிட்டிங் ஷாப்பில் எல்லோரும் அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கை கொப்புளித்து நிற்கும்போது, அவன் சாதாரணமாகச் சொன்னான்: "எங்க ஊர்ல கல்லுலயே இத வுட ஜோரா ஷேப் எடுத்துருக்காங்க மச்சான். பதினஞ்சு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி." நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

அவன் சொன்னது உண்மைதான். அவன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்தின் பெயர் உலகத்தில் கற்காலம் படிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நாற்பது, ஐம்பது மைலுக்குள் இருக்கிற நமக்குத் தெரியாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இங்கிலீஷ்காரர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது மனிதன் செதுக்கிய கல்லாயுதம் என்று அடையாளம் கண்டார். அப்போது அவருக்கு வயது 28. அதே வருஷம் செப்டம்பரில் தன்னோடு வேலை செய்த வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் ஓடையில் இன்னும் நிறையக் கண்டுபிடித்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்குப் பிள்ளையார் சுழி போட்டது நம் மெட்ராஸ்தான்! அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த கற்களை 1904-ல் எழும்பூர் மியூசியம் விலைக்கு வாங்கியது. நாம் அங்கே போனால் நேராகத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு ஓடிவிடுகிறோம்.

சரி, போவது என்று முடிவாயிற்று. இனி வீட்டில் பர்மிஷன்.

"இன்னாடா, காட்டுக்குப் போறேன்ற? அங்க இன்னா கீது?" என்றார் அம்மா.

"குகை கீதும்மா."

"குகையில இன்னா கீது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 23 பேர் செத்துப்போனார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் பலர். நான் அப்போது சின்னப் பையன். டி.வி.யில் அதைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யார் பெற்ற பிள்ளைகளோ! காய்ந்த புல், மார்ச் மாத வெயில், காற்று, அதிகம் பழக்கமில்லாத சரிவு, இது எல்லாம் ஒன்று சேர்ந்தால் ஓட வழி கிடையாது. அதற்கப்புறம் அரசாங்கம் மலையேற்றத்துக்கென்றே அந்த வருஷம் விதிமுறைகள் கொண்டுவந்தது. காட்டுக்குள் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் வந்தது. தமிழ்நாடு முழுக்க 40 பாதைகள், இணையத்தில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. திருவள்ளூர் மாவட்டத்துக்குக் குடியம் குகைப் பாதை.

இதையெல்லாம் நான் அம்மாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். கடைசியில் வேலை செய்தது விளக்கம் இல்லை, நைனாதான். "போவட்டும் வுடு. இங்க மட்டும் இன்னா வாழுது, நெருப்பே இல்லாமப் புகையில குந்திக்கினு கீறோம்" என்றார். அவர் டிரெய்லர் டிரைவர். ஹார்பர் கேட்டில் வண்டியைப் போட்டுவிட்டு வரிசை நகர ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறவர். வெளியில் தூங்குவதில் எங்கள் வீட்டிலேயே அனுபவசாலி அவர்தான்.

டெண்ட் வாடகைக்குக் கேட்டால் விலை தலையைச் சுற்றியது. நைனா முன்பு லாரி ஓட்டிய காலத்துத் தார்ப்பாய் ஒன்று பரணில் கிடந்தது. அதை எடுத்துத் தட்டி, லாரிக்காரர்கள் கயிறு கட்டும் முடிச்சை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கையால் இழுத்தால் இறுகும், நுனியை உருவினால் ஒரே இழுப்பில் அவிழும். மெக்கானிக்ஸ் வகுப்பில் கப்பி பற்றிப் படித்தோமே, அதேதான். கயிறே கப்பியாக வேலை செய்கிறது. மூன்று வருஷம் படித்ததில் ஒன்றை என் அப்பாவிடம் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது 'கணக்கு' பற்றிச் சொல்லவேண்டும். அது அவன் பெயர் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு டீ பாக்கி என்று நோட்டுப் போட்டு எழுதுவதால் வந்த பெயர். வீடு குப்பை மேட்டுக்கு அடுத்த தெருக்களில் ஒன்று. சின்ன வயதிலிருந்தே வீஸிங். பனிக்காலம் வந்தால் லேபில் பாதியில் வெளியே போய் பம்ப் அடித்துக்கொண்டு வருவான். எந்த டூருக்கும் வந்ததில்லை. கேட்டால், "எனக்கு வேலை கீது" என்பான். இந்தத் தடவை முதல் ஆளாகப் பணம் கொடுத்தது அவன்தான்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கேன்டீனில் அவன் இல்லாத நேரம் பேச்சு வந்தது. "நடுக் காட்டுல அவனுக்கு மூச்சு வாங்குச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று ஒருவன் கேட்டான். கேட்டவன் கெட்டவன் இல்லை. நியாயமான கேள்வி. அவனை ஊரிலேயே மூட்டைகளுக்குக் காவலாக விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை. பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை, ஆனால் பதிலும் தெரியவில்லை. பிறகு அவனே வந்து உட்கார்ந்தான். எங்கள் முகத்தைப் பார்த்தான். "நான் மூட்டையப் பாத்துக்கறேன்டா, நீங்க போய்ட்டு வாங்க" என்றான். நாங்கள் வாயே திறக்கவில்லை, நண்பர்களே. இந்த வாக்கியத்தை அவன் எத்தனை தடவை எத்தனை பேரிடம் சொல்லியிருந்தால் இவ்வளவு சுலபமாக வரும்!

பூண்டியான்தான் பேசினான். "மூட்டைய எங்க பாட்டி பாத்துக்கும். நீ டாக்டராண்ட கேட்டுக்கினு வா." அவன் கேட்டுக்கொண்டு வந்தான். டாக்டர் போகலாம், மெதுவாக நட, பம்ப் கையிலேயே இருக்கட்டும், புகை தூசி பக்கம் போகாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். முன்கூட்டியே அடிக்கவேண்டிய அளவையும் எழுதிக் கொடுத்திருந்தார். அவன் அதையும் நோட்டில் ஒட்டி வைத்திருந்தான்.

சனிக்கிழமை காலை கொருக்குப்பேட்டையில் ஏறி அடுத்த ஸ்டேஷனான பேசின் பிரிட்ஜில் இறங்கி, திருவள்ளூர் லோக்கல் பிடித்தோம். ஏழு பேர், ஒரு தார்ப்பாய், ஒரு குண்டான். ரயிலில் ஒரு பெரியவர் "சமையல் காண்ட்ராக்டா தம்பி?" என்று கேட்டார். திருவள்ளூரிலிருந்து பஸ்.

பூண்டி ஏரியைப் பார்த்ததும் எங்கள் சிவில் நண்பன் 'சிமெண்ட்' லெக்சர் ஆரம்பித்துவிட்டான். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி 1944-ல் முடித்த அணை. மெட்ராஸ் மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தியின் பெயரால் சத்தியமூர்த்தி சாகர். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996-லிருந்து கிருஷ்ணா தண்ணீரும் கால்வாய் வழியாக இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து சோழவரம், புழல், அப்புறம் நம் வீட்டுக் குழாய், அதாவது குழாயில் வருகிற அன்றைக்கு! அவன் முடித்ததும் பூண்டியான் சொன்னான்: "ஏரி ரொம்பி ஷட்டரத் தூக்கனா அந்தத் தண்ணி எங்க போவுது தெரியுமா? உங்க எண்ணூருக்குத்தான்." கொசஸ்தலை கடலில் சேர்வது எண்ணூர் முகத்துவாரத்தில். 2021 நவம்பரில் மணலி புதுநகரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து படகு விட்டார்களே, அது இந்த ஆற்றுத் தண்ணீர். எங்களில் ஒருவனின் சித்தி வீடு அங்கேதான். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஷட்டர்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூண்டியிலேயே தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. 1985-ல் ஆரம்பித்தது. சின்ன இடம்தான், அலட்சியமாகப் போகாதீர்கள். கண்ணாடிக்குள் கைக்கோடாரிகள் வரிசையாக இருக்கின்றன. பாதாம் பருப்பு வடிவம், ஒரு முனை கூர், இரண்டு முகமும் செதுக்கியது. குவார்ட்சைட் என்ற கெட்டிக் கல். இதை அரத்தால் தேய்க்க முடியாது. இன்னொரு கல்லால் ஓரத்தில் தட்டவேண்டும். தட்டும் கோணம் சரியாக இருந்தால் ஒரு சில்லு கழன்று கிண்ணம் மாதிரிப் பள்ளம் விழும். கோணம் தவறினால் முழுக்கல்லும் பிளந்து போகும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நான் ஃபிட்டிங்கில் எம்.எஸ். பிளாட்டைச் சதுரம் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மறுபடி தேய்த்துப் பட்ட பாடு ஞாபகம் வந்தது. எங்களுக்காவது டிரையிங் உண்டு, டிரை ஸ்குயர் உண்டு, திட்டுவதற்கு இன்ஸ்ட்ரக்டர் உண்டு. அவன் மனசிலேயே டிரையிங் போட்டு இரண்டு பக்கமும் சமமாக எடுத்திருக்கிறான். ஒரு கல்லுக்கு என்றால் அதிர்ஷ்டம் எனலாம். கண்ணாடிக்குள் இருக்கும் அத்தனை கல்லுக்கும்?

வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது நம் பாடத்துக்குக் கொஞ்சம் நெருங்கி வருகிற விஷயம். தொல்லியல் அறிஞர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் வருஷக்கணக்காகத் தோண்டினார்கள். பூமியின் மேற்பரப்பில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் காஸ்மிக் கதிர் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு ஐசோடோப்புகள் உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். அதன்பின் இரண்டும் சிதைந்துகொண்டே போகும். அலுமினியம் வேகமாக, பெரிலியம் மெதுவாக. மிச்சம் இருக்கும் விகிதத்தைப் பார்த்தால் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லலாம். சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதற்கு மேலடுக்கில் இருந்த வேறு வகை நுட்பமான கருவிகளுக்கு 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷம் என்று 2018-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. நம் மனித இனத்துக்கே வயது சுமார் மூன்று லட்சம்தான் என்கிறார்கள். அப்படியானால் அந்தக் கோடாரியைச் செதுக்கியவன் நம்மைப் போன்றவனே இல்லை!

கணக்கு உடனே நோட்டைத் திறந்து, "பதினஞ்சு லட்சம் வருஷம்னா முப்பது லட்சம் செமஸ்டர்" என்றான். "அரியர் எத்தனை?" என்று கேட்டான் எலக்ட்ரிகல் நண்பன் 'ஃபியூஸ்'. அகழ்வைப்பக ஊழியரும் சிரித்துவிட்டார்.

இரவு பூண்டியான் வீட்டுக் களத்து மேட்டில். ரிசர்வ் காட்டுக்குள் நாமாகப் போய் ராத்திரி தங்கக் கூடாது. அதனால் கிராமத்தோடு நிறுத்திக்கொண்டோம். எங்களுக்கு அதுவே காடு மாதிரிதான் இருந்தது. இரண்டு மரத்துக்கு நடுவில் கயிறு கட்டித் தார்ப்பாயைப் போர்த்தி நைனாவின் முடிச்சைப் போட்டேன். பாட்டி வந்து சுற்றிப் பார்த்து, "நல்லாத்தான் கட்டிக்கிறீங்க, ஆனா வூட்டுக்குள்ள எடமிருக்க எதுக்குடா பனியில படுக்கிறீங்க?" என்று கேட்டார். அதற்கு அறிவியல்பூர்வமான பதில் இல்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தணலில் புதைத்துச் சுட்டோம். கணக்கு மட்டும் காற்றுக்கு எதிர்ப்பக்கம், புகை வராத இடத்தில், இருபதடி தள்ளிக் கயிற்றுக் கட்டிலில். அவனுக்கு வெந்ததை முதலில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அமாவாசைக்கு முன்னாலான நாட்கள். மேலே பார்த்தால்... எப்படிச் சொல்வது? எங்கள் தெருவில் ஆயில் டேங்க் விளக்கும் கூட்ஸ் யார்டு விளக்கும் சேர்ந்து வானம் ராத்திரியிலும் மஞ்சளாகத்தான் இருக்கும். பெரிதாகத் தெரிகிற நாலைந்தைத்தான் நட்சத்திரம் என்று நினைத்திருந்தேன். பாட்டி தலைக்கு மேலே கையைக் காட்டி, "அதோ கார்த்திகை, எத்தனை தெரியுதுன்னு எண்ணு, அதான் கண்ணுக்கு டெஸ்டு" என்றார். ஃபியூஸ் ஆறு எண்ணினான். கண்ணாடி போட்ட நான் நாலோடு நின்றுவிட்டேன். பாட்டிக்கு எழுபதுக்கு மேல். ஆறு என்று பட்டென்று சொன்னார். அவர் எண்ணினாரா, மனப்பாடமா என்று தெரியவில்லை.

நள்ளிரவுக்கு மேல் பனி இறங்கியது. கணக்குக்கு இருமல் வந்தது. எழுந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பார்த்தான். பாட்டி அவனை மட்டும் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனார். சுத்தமான காற்றுக்கு வந்ததும் வீஸிங் பறந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பனிக்கும் வைக்கோல் தூசிக்கும் அதெல்லாம் தெரியாதே!

காலையில் வழிகாட்டி அண்ணன் வந்தார். இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஒல்லி உடம்பு, கையில் ஒரு கழி. எங்கள் ஏழு பேரையும் ஒரு தடவை பார்த்தார். ஷூவைப் பார்த்தார், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "சென்ட்டு யாராவது அடிச்சிருக்கீங்களா?" என்றார். ஃபியூஸ் மெல்லக் கையைத் தூக்கினான். குகையின் கூரையில் மலைத்தேனீ அடை கட்டியிருக்கும், வாசனைக்கும் புகைக்கும் சத்தத்துக்கும் கிளம்பிவிடும் என்றார். ஃபியூஸ் சட்டையைக் கழற்றி, முகம் கை கழுவி, பாட்டியின் வீட்டு ஆள் ஒருவரின் பழைய சட்டையோடு வந்தான். இரண்டு பேர் புகும் அளவு அது.

யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கணக்கே முன்னால் வந்து பம்பைக் காட்டினான், டாக்டர் எழுதியதைக் காட்டினான். அவர் இதை எதிர்பார்க்கவில்லை போல. கொஞ்சம் யோசித்தார். "சரி, நீ எனக்கு அடுத்தாப்ல நட. மத்தவங்க உனக்குப் பின்னால. யாரும் அவன முந்தக் கூடாது" என்றார். அவ்வளவுதான் ஏற்பாடு! நாங்கள் கேன்டீனில் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்துக்கு இரண்டு வாக்கியம்.

பாதை முதலில் சமதரைதான். களாச்செடி, காரை முள், சூரை முள். முள் சட்டையைப் பிடித்தால் முன்னே இழுக்காமல் ஓரடி பின்னே வந்து கழற்றவேண்டும் என்று அண்ணன் காட்டினார். இழுத்தவன் பாட்டி வீட்டுச் சட்டைக்காரன். பிறகு கூழாங்கல் ஆரம்பித்தது. நடக்கிற இடமெல்லாம் முட்டை முட்டையாக உருண்டைக் கல், காலை வைத்தால் உருள்கிறது. இது அல்லிக்குழி மலைத்தொடர். சிமெண்ட் ஒரு பாறையின் முன் நின்று, "டேய், இது காங்கிரீட்டுடா!" என்று கத்தப் போய், அண்ணன் முறைத்ததும் குரலைத் தாழ்த்தினான். நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. ஏதோ ஒரு காலத்து ஆறு உருட்டிக் கொண்டுவந்த கூழாங்கற்கள்தான் ஜல்லி. மணலும் களிமண்ணும் இறுகிப்போனது சிமெண்ட் கலவை. மழையிலும் வெயிலிலும் கலவை அரிக்க அரிக்கக் கல் உதிர்கிறது. அடியில் அரித்த இடம் குடைவாகி மேலே பாறை கூரை மாதிரி நீட்டி நிற்கிறது. குகை வந்த விதம் இது. உதிர்ந்த கூழாங்கல்தான் அத்திரம்பாக்கத்துக்காரனுக்குக் கச்சாப் பொருள். குவாரியும் ஒர்க்‌ஷாப்பும் பக்கத்துப் பக்கத்தில்!

ஏற்றம் வந்தது. பாதி ஏற்றத்தில் கணக்கு நின்றான். மூச்சில் விசில் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்காலில் கை ஊன்றி, பம்பை எடுத்தான். அண்ணன் எல்லோரையும் அப்படியே உட்காரச் சொன்னார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒருவன் என் காதில், "நீயும் அவனும் இங்க இருங்க, நாங்க பாத்துட்டு வந்துடறோம்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். காட்டில் அது எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் திரும்பினார். "எனக்கு ரெண்டு காலுதான் தம்பி. ரெண்டு கூட்டத்துக்கு நடக்க முடியாது. போனா எல்லாம், திரும்புனா எல்லாம்." கோபம் எதுவும் இல்லை, பஸ் டைம் சொல்வது போலச் சொன்னார். பிறகு கணக்கைப் பார்த்து, "நீ சொல்லு. திரும்பலாம்னாலும் சரி. வந்த வரைக்கும் காடு காடுதான்" என்றார்.

ஆறு பேரின் பணமும் ஆசையும் தன் தலையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும் அவனுக்கு. நானாக இருந்தால் அவசரமாக, "இல்லண்ணே, போலாம்" என்று எழுந்திருப்பேன். அவன் அப்படிச் செய்யவில்லை. வாட்சைப் பார்த்தான். "இன்னும் பத்து நிமிஷம் குடுங்க. அப்பவும் சத்தம் வந்தா திரும்பிடலாம்" என்றான். பம்ப் அடித்த நேரத்தை நோட்டில் எழுதினான். நாங்கள் ஏழு பேரும் அந்தப் பத்து நிமிஷமும் ஒருவன் மூச்சுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தோம். ஏதோ ஒரு குருவி விட்டு விட்டுக் கூப்பிட்டது. தூரத்தில் மாட்டு மணி. முதலில் என் காதில் பேசியவன் தன் தண்ணீர் பாட்டிலை எழுந்து போய் அவனிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

பத்து நிமிஷத்தில் விசில் அடங்கியது. போனோம். இன்னும் மெதுவாக.

பெரிய குகை என்று சொல்கிறார்களே, அதன் முன்னால் போய் நின்றபோது யாரும் பேசவில்லை. பேசக் கூடாது என்பதாலும்தான். தலைக்கு மேலே மாடி உயரத்தில் ஒரு பாறைக் கூரை. அதில் கருப்பாக வட்டம் வட்டமாகத் தேனடைகள். உற்றுக் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஒரு ரீங்காரம். 'ஃபிஃப்டி ஹெர்ட்ஸ்' என்று ஃபியூஸ் உதட்டை மட்டும் அசைத்தான். 1962-லிருந்து 1964 வரை இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்து கல்லாயுதங்களை எடுத்திருக்கிறது. பாறை ஒதுக்கில் அம்மனும் இருக்கிறாள். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம்.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதிலாக நானும் சுற்றிப் பார்த்தேன். குகையில் இன்னா கீது? நிழல் இருந்தது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஜில்லென்றிருந்தது. மழை வந்தால் ஒதுங்கலாம். எதிரில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது, யார் வந்தாலும் பார்க்கலாம். தரையில் கை நீட்டினால் ஆயுதத்துக்குக் கல். நானாக இருந்தாலும் இந்த இடத்தைத்தான் பிடித்திருப்பேன்.

கீழே ஒரு கல்லில் சில்லு எடுத்த மாதிரிப் பள்ளம் தெரிந்தது. சிமெண்ட் குனிந்து எடுக்கப் போனான். அண்ணன் கழியை நீட்டித் தடுத்தார். பூண்டியான் ஏற்கனவே சொல்லியிருந்தான்: எது எங்கே எந்த மண்ணில் கிடக்கிறது என்பதுதான் ஆராய்ச்சிக்கு முக்கியம், நம் வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். ஆகவே, போகிறவர்கள் படம் எடுங்கள், கல்லை எடுக்காதீர்கள். பாறையில் பெயிண்டால் பெயர் எழுதுகிற காதலர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன், நம் கல்லூரியில் அப்படி யாரும் இல்லையே!

திரும்பும்போது இறக்கத்தில் கணக்குக்குப் பிரச்சினை இல்லை. ஃபியூஸுக்குத்தான் கால் பிசகியது. அவன் மூட்டையை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பூண்டியான். அவனை இப்போது யாரும் காட்டான் என்று கூப்பிடுவதில்லை. அவனே ஒருநாள், "ஏன்டா இப்பல்லாம் கூப்பிட மாட்றீங்க?" என்று கேட்டான்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி நல்ல காலம். கோடையில் தீப்பிடிக்கிற மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள், அந்த நேரத்தில் குறுக்கு வழியில் நுழைய நினைக்காதீர்கள். குரங்கணியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தலைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையவேண்டாம், வழியில் கடை கண்ணி கிடையாது. முழுக்கைச் சட்டை, பிடிமானமுள்ள ஷூ. கட்டணம் நம் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கனம்தான். மாணவர்களுக்குச் சலுகை தரும்படி நம் யூனியன் சார்பில் வனத்துறைக்கு ஒரு மனு எழுதலாம் என்பது என் யோசனை. அடுத்த செயற்குழுவில் யாராவது எழுப்புங்கள், நான் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

ஞாயிறு மாலை திருவள்ளூர் பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது கணக்கு நோட்டைத் திறந்து வரவு செலவு படித்தான். பஸ், ரயில், அரிசி, கிழங்கு, பாட்டிக்கு வாங்கிக் கொடுத்த வெற்றிலை பாக்கு, அண்ணனுக்குக் குடித்த டீ வரை ஒன்று விடவில்லை. போக, கையிருப்பு 43 ரூபாய். ஏழால் வகுத்தால் மீதி வருகிறது, என்ன செய்வது என்று சிமெண்ட் கேட்டான்.

"வகுக்க வேணாம்" என்றான் கணக்கு. புதுப் பக்கம் திருப்பி, மேலே 'அடுத்த ட்ரிப்' என்று எழுதி, அதன் கீழே வரவில் 43 என்று போட்டான்.